நேராக நீந்தும் றப்பர் மீன்

இன்று காலை தலை வாரும்போது சீப்பில் ஒரு வெள்ளைச் சுருள் வந்தது. நரைமுடி என்று நினைத்து இழுத்தேன். விரலில் குத்தியது. அலுமினியச் சீவல். முகர்ந்து பார்த்தால் மண்ணெண்ணெய் வாசம். நேற்றும் மெசினில் வேலை செய்துவிட்டு இரண்டு தடவை சவர்க்காரம் போட்டு முழுகியும் அது போகவில்லை. நீ இருந்திருந்தால், "ஒப்பீசுக்குப் போற ஆள் மாதிரியே இருக்கிறாய்? எஞ்சின் கழுவிப்போட்டு வாற ஆள் மாதிரியெல்லோ இருக்கிறாய்" என்று சிரித்திருப்பாய். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது. அப்போது எனக்கு வாய் வரவில்லை.

மெசின் பெட்டி வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். கணினியில் வரைந்த கோட்டின் வழியே சுழலும் அலகு ஒன்று நகர்ந்து மரத்தையும் அலுமினியத்தையும் செதுக்கும் சின்னச் சீஎன்சி மெசின். தையல் மெசின் மேசைக்கு மேல் அடங்கிவிடும் அளவு. இருவரும் சேர்ந்து எடுத்தோம். கிளிநொச்சியில் எங்கள் வீட்டின் பின்னறையில், நெல்மூட்டை அடுக்கும் இடத்தில், நிலத்தில் பாய் விரித்து ஒவ்வொரு ஆணியாகப் பூட்டினோம். தர்மபுரத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் ஸ்கூட்டியில் வருவாய். தேத்தண்ணி ஆறிப்போகும், உனக்கு அது தெரியாது. வவுனியாவில் படித்த காலத்தில் ஒரே விடுதி அறையில் இருந்து இருபது வருடங்கள் கழித்து, நாங்கள் திரும்பவும் ஒரே மேசையில் குனிந்திருந்தோம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. உனக்குப் போதவில்லை. உனக்கு மெசின் ஏதாவது செய்ய வேண்டும்.

அந்த ஏதாவது உன் தம்பி அன்ரனின் கையில் இருந்தது. ஒரு சாண் நீள றப்பர் மீன். படகு ஓடும்போது நூலில் கட்டிப் பின்னால் இழுத்தால் உயிர்மீன் போல வாலை அடித்துக்கொண்டு வரும். அறுக்குளா போன்ற பெரிய மீன் அதை விரட்டி வந்து கடிக்கும். அந்த வகை இப்போது கடைக்கு வருவதில்லை. வருகின்றவை தண்ணீரில் செத்த மீன் போல மிதக்கின்றன என்று அன்ரன் சொல்வான். அவனிடம் மிஞ்சியிருந்த கடைசி மீனில் பல்லுப்படாத இடம் இல்லை. வாலைச் சூடு காட்டி ஒட்டி, திரும்பக் கிழிந்து, திரும்ப ஒட்டியிருந்தான். உங்கள் ஊர் முள்ளிவாய்க்கால். அந்தப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரரின் முகம் மாறும். நீ அந்தப் பெயரை எப்போதும் ஒரு மீன்பிடிக் கரையின் பெயராகவே சொன்னாய். அன்றும் அந்தக் கரையில் நின்றுதான் அவனிடம் சொன்னாய்: "விடடா, உனக்கு நாங்கள் மீன் செய்து தாறம்."

"மீனைக் கடல்தான் செய்யும், அக்கா."

"பாரன்."

நீ சொன்ன "நாங்கள்" என்ற சொல்லுக்குள் என்னையும் சேர்த்துவிட்டாய். வாக்கில் பாதி என்னுடையதாயிற்று.

நீ வேணியர் மானியால் மீனை வாயிலிருந்து வால் வரை துண்டு துண்டாக அளந்தாய். நான் கணினியில் வரைந்தேன். மீனை முதுகுக் கோட்டில் நெடுக்காகப் பிளந்தால் இரண்டு பாதி. ஓர் அலுமினியக் கட்டையில் இடப்பாதியின் பள்ளம், இன்னொன்றில் வலப்பாதியின் பள்ளம். இரண்டையும் புத்தகம் மூடுவது போல மூடி, வாயில் விட்ட துவாரத்தால் உருக்கிய மென் பிளாஸ்டிக்கை ஊற்றி, ஆறியதும் திறந்தால் முழுமீன். சொல்ல இவ்வளவுதான்.

முதல் மீனை நீ அச்சிலிருந்து உரித்து எடுத்தபோது இருவரும் கத்தினோம். பிறகு நீ உன் நகத்தை அதன் முதுகில் ஓட்டினாய். நகம் தட்டியது. ஒரு பாதி மற்றப் பாதியிலிருந்து அரை மில்லிமீற்றர் மேலே ஏறியிருந்தது. வாயிலிருந்து வால் வரை ஒரு படி.

"அரை மில்லிமீற்றர்தானே," என்றேன்.

"மீனிட்டக் கேப்பம்," என்றாய்.

இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்காலுக்குப் போனோம். ஓடும் தண்ணீரில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றால் மீன் நின்ற இடத்திலேயே நீந்தும், படகு தேவையில்லை என்பது உன் யோசனை. பாலத்தில் இரண்டு பெண்கள் நூலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றோம். சைக்கிளில் போன ஐயா ஒருவர் காலை ஊன்றி நின்று, இந்த வாய்க்காலில் மீன் இல்லைப் பிள்ளையள் என்று அக்கறையாகச் சொன்னார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓம் ஐயா, அதுதான் நாங்கள் கொண்டந்தனாங்கள்," என்றாய். அவர் வாய்க்காலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மீன் தண்ணீரில் இறங்கியது, வாலை இரண்டு தடவை அடித்தது, பக்கவாட்டில் சரிந்து சுழன்றது. படி இருந்த பக்கம் தண்ணீர் அதைத் தள்ளியது. அறுக்குளா என்ன, வாய்க்கால் தவளைகூட அதை நம்பாது.

அதன் பிறகு நடந்ததை நான் எத்தனையோ தடவை எனக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டாவது அச்சில் நான் படத்தை அரை மில்லிமீற்றர் நகர்த்தித் திருத்தினேன். படி மறுபக்கம் வந்தது. மூன்றாவதில் பாதி திருத்தினேன், வால் பொருந்தி வாய் விலகியது. நாலாவது அச்சு எல்லாவற்றையும்விட மோசம். நீ கட்டைகள் இரண்டையும் யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வேணியரால் அளந்தாய்.

"உந்த ரெண்டு கட்டையும் ஒரே அகலம் இல்லையடி."

கடையில் வாளால் அறுத்துத் தருகிறார்கள், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"நீ மெசினுக்குப் பூச்சியம் எங்க காட்டுறாய்? எங்கயிருந்து அளக்கச் சொல்லுறாய்?"

"கட்டையின்ர விளிம்பைத் தொட்டு. எல்லாரும் அப்படித்தான்."

"உன்ர ஒப்பீசில ஆரும் வேலியைத் தொட்டுக் காணி அளந்தா என்ன சொல்லுவாய்?"

நான் நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவள். இருபது வருடமாக வரைகிறேன். ஆட்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காணிகளில் வேலி எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பட்டுப்போன பூவரசுக்கு ஒரு முழம் தள்ளி ஒருவர் கிளுவை நட்டிருப்பார், அவருடைய மகன் அதற்கு இரண்டடி தள்ளிக் கம்பி அடித்திருப்பான். அளவைக்காரர் வேலியைப் பார்ப்பதே இல்லை, மண்ணுக்குள் கிடக்கும் எல்லைக்கல்லைத் தேடுவார். என் மேசைக்கு வருகிறவர்களிடம் நானே நூறு தடவை சொன்ன பாடம் அது. அதை எனக்கு நீ சொன்னாய். சொன்ன விதத்தில் கேலிகூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ கட்டையை ஒழுங்கா இறுக்கேல்லை," என்றேன். "வெட்டேக்க அசைஞ்சிருக்கு. கணக்கு ரீச்சர்மாருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது."

நீ ஸ்பானரை மேசையில் வைத்தாய். கையைத் துணியில் துடைத்தாய். "சரி, நான் இறுக்கினது பிழையெண்டே வை," என்றாய். படலையடியில் தலைக்கவசத்தை மாட்டும்போது திரும்பி, "கல்லைத் தேடடி," என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அதன் பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆசுப்பத்திரிக்குப் போகும் வாழ்க்கையில் மெசினுக்கு இடம் இருக்கவில்லை. நான் சாப்பாடு கொண்டு வருவேன். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஊர்க்கதை சொல்வேன். ஒரே ஒரு தடவைதான் மெசினைப் பற்றிக் கேட்டாய். அலுவலகத்தில் வேலை கூட என்றேன். நீ தலையாட்டினாய். "அன்ரன் கேட்டா, வருது எண்டு சொல்லு," என்றாய். ஸ்பானர் கதையை நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள இப்போதும் எனக்கு உரிமை இல்லை. நானே எடுத்திருக்கலாம். கதிரை அவ்வளவு கிட்டத்தான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன் வீட்டுக்கு வந்தபோது கதவோரத்து ஆணியில் அந்தப் பழைய மீன் தொங்கியது. வால் இல்லை. அன்ரன் கேட்காமலே நானாக அவனிடம், "வருது, தம்பி," என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மெசினை ஒரு பழைய சேலையால் மூடினேன். பதினொரு மாதம் அப்படியே கிடந்தது. அறுவடை முடிந்ததும் என் கணவர் மூட்டை வைக்க அந்த இடத்தைக் கேட்டார். இல்லை என்றேன்.

சென்ற மாசியில் ஒரு கிராமத்தின் படம் என் மேசைக்கு வந்தது. இரண்டு தாள்கள். நடுவால் ஒரு றோட்டு போகிறது. தாள்களைச் சேர்த்து வைத்தால் றோட்டு சேரவில்லை. சேரும் கோட்டில் ஒரு படி. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த படி அது. உன் நகம் தட்டிய படி. ஒரு தாளை யாரோ முன்பு வேலியிலிருந்து அளந்து வரைந்திருந்தார்கள். களத்துக்குப் போனவர்கள் ஒரு கல்லைப் புற்றுக்கு அடியிலும் மற்றதைப் பாழ்கிணற்றின் ஓரத்திலும் கண்டுபிடித்து, இரண்டு கல்லிலிருந்தும் திரும்ப அளந்து அனுப்பினார்கள். புதிய அளவுகளை வைத்து வரைந்தேன். றோட்டு ஒரே கோடாக ஓடியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அது வழக்கமான வேலை. நான் மட்டும் எழுந்து வெளியே போய், மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் வேம்படியில், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் சேலையை எடுத்தேன்.

கட்டையின் விளிம்பிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டையை மெசினில் இறுக்கி, கண்மதிப்பாக நடுவில் ஓரிடத்தைப் பூச்சியம் என்று காட்டினேன். அந்தப் பூச்சியத்திலிருந்து முதலில் இரண்டு துளை. ஒன்று மீனின் வாய்க்கு அப்பால், மற்றது வாலுக்கு அப்பால், முடிந்த மட்டும் தூரத்தில். அவைதான் என் இரண்டு கல். பிறகு இறுக்கியதைத் தளர்த்தாமல், பூச்சியத்தை மாற்றாமல், பாதிமீனைச் செதுக்கவிட்டேன். மற்றக் கட்டையிலும் அதே மாதிரி, படத்தை மட்டும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி. இரண்டு துளைகளுக்குள்ளும் உருக்குக் கம்பித் துண்டுகளைச் செருகி மூடினால், கட்டைகளின் விளிம்பு என்ன கோணலாக இருந்தாலும் உள்ளே மீன் பொருந்தியே ஆக வேண்டும்.

பொருந்தியே ஆக வேண்டும் என்று எழுதுவது இன்றைக்கு இலகு. அன்று ஒவ்வொரு பாதிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வெட்டுமிடம் சூடாகாமல் மண்ணெண்ணெயைத் துளித் துளியாக விட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். இரண்டாவது ஞாயிறு, வயிற்றுப்பக்கம் வெட்டும்போது அலகு முறிந்தது. பழைய முறை என்றால் கட்டையே வீண், பூச்சியம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது துளைகள் இருந்தன. புதிய அலகை மாட்டி, துளையின் நடுவைப் பிடித்துப் பூச்சியத்தை மீட்டெடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முறிந்த தடம்கூடத் தெரியவில்லை.

இன்னொன்று. நீ காட்டித் தந்த மாதிரியேதான் இறுக்கினேன். மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் ஒரு கால் திருப்பு. கட்டை ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அப்போதும் அசைந்திருக்காது. அதைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

கம்பிகளைச் செருகி மூடினேன். கட்டைகளின் வெளிவிளிம்பு ஒரு பக்கம் அரிசிமணியளவு துருத்திக்கொண்டு நின்றது. பார்ப்பவர்கள் எல்லோரும் இது பிழை என்றே சொல்வார்கள். ஊற்றினேன், ஆறவிட்டேன், திறந்தேன். மீனின் முதுகில் நகத்தை ஓட்டினேன். வாயிலிருந்து வால் வரை நகம் வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். படி இல்லை. குசினிக்குள் ஓடிப்போய் என் கணவரின் கையைப் பிடித்து அவருடைய நகத்தையும் ஓட்ட வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இனி மூட்டையைப் பற்றிப் பேசமாட்டார் என்று தோன்றியது.

சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். தனியாகத்தான் வாய்க்காலுக்குப் போனேன். அதே பாலம். நூலை விட்டேன். மீன் இறங்கியது, ஒரு நொடி தயங்கியது, நிமிர்ந்தது. பிறகு வாலை அடித்தது பார், இடம் வலம், இடம் வலம், முதுகு மேலே, வயிறு கீழே, போக எங்கோ இடம் இருப்பது போல. கை மரத்துப்போகும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பக்கத்தில் நிற்காதது அப்போதுதான் உறைத்தது. ஆனால் அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, அடக்க முடியாத சிரிப்பு.

போன சனிக்கிழமை பரந்தன் சந்தியில் பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தேன். மூன்று மீனை அதற்கு முந்திய கிழமையே அன்ரனுக்கு அனுப்பியிருந்தேன். வந்து பாருங்கோ என்று தொலைபேசியில் சொன்னான். காலை ஒன்பது மணி இருக்கும், படகு கரையேறியது. உள்ளே இரண்டு அறுக்குளா, ஒன்று என் இடுப்புயரம். அன்ரன் மீனைக் காட்டவில்லை. றப்பர் மீனைத்தான் தூக்கிக் காட்டினான். தோலில் புதிய பல்லடையாளங்கள்.

"அக்கா, பழையது இடைக்கிடை புரளும். இது ஒருக்காலும் புரளேல்லை. பக்கத்துப் படகுக்காரர் எங்க வாங்கினது எண்டு கேக்கிறாங்கள்."

"என்ன சொன்னனி?"

"எங்கட அக்கான்ர சாமான் எண்டனான்."

கரையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் சொல்வது நல்லது என்று பட்டது. "ஓம் தம்பி, அவாவின்ர சாமான்தான். எங்கயிருந்து அளக்க வேணும் எண்டு அவா அப்பவே சொன்னவா. நான் கேக்கேல்லை. அவா இறுக்கினது பிழையெண்டு பழியைப் போட்டனான். பிழை என்ர."

அன்ரன் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "தெரியும்," என்றான். "அவா ஆசுப்பத்திரியில வைச்சுச் சொன்னவா."

"என்னவாம்?"

"'அவள் ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் பிந்தும். ஆனால் செய்யாமல் விடமாட்டாள்' எண்டு."

நீ அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு, நான் சொல்லாமல் விட்டதையும் சொல்லப்போவதையும் சேர்த்தே அறிந்திருக்கிறாய். என்னை அளந்து வைத்திருக்கிறாய். கோபப்பட வேண்டும் போலவும் உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் ஆள் இல்லாததால் மணலில் சப்பாணி கட்டி இருந்து, அந்தப் பெரிய அறுக்குளாவைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அன்ரனின் மனைவி றீற்றா குழம்பு வைத்தாள். பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். சோறு போட்டு, அறுக்குளாத் தலையை அப்படியே எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். பிள்ளைகள் கைகளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் தலை எப்போதும் உனக்கு. நீ போன பிறகு அதை நாலாக முறித்து எல்லோருக்கும் பங்கு வைத்தார்களாம்.

"எனக்கு ஏன்," என்று தொடங்கினேன்.

"சாப்பிடுங்கோ அக்கா," என்றாள் றீற்றா. "இனி வாற நேரமெல்லாம் உங்களுக்குத்தான். இவர் சொல்லிப்போட்டார்."

வழக்கமான நான் என்றால் மறுத்திருப்பேன், பிள்ளைகளுக்குக் கொடு என்றிருப்பேன். மறுக்கவில்லை. நீ சாப்பிடுகிற மாதிரியே, கன்னத்துச் சதையைக் கிண்டி, கண்ணை உறிஞ்சி, எலும்பைக் கடித்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். சின்னவள் என் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டுத் தாயிடம், "எங்கட மாமி மாதிரியே சாப்பிடுறா," என்றாள்.